எக்சேஞ்ச் ஃபைபருக்கு மாறியாச்சு, வீட்டில் வேகம் ஏன் வரலை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பி.எஸ்.என்.எல். எக்சேஞ்சுகள் செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறிவருகின்றன. பல வீடுகளில் பழைய லேண்ட்லைன் எண் அப்படியே இருக்க, உள்ளே வரும் கம்பியும் சுவரில் மாட்டிய பெட்டியும் மட்டும் மாறியிருக்கின்றன. ஆனால் பிளானில் எழுதியிருக்கும் வேகம் கைப்பேசியில் தெரிவதில்லை என்பதுதான் பலருடைய குறை. பெரும்பாலான வீடுகளில் வேகம் அந்தப் பெட்டி வரைக்கும் ஒழுங்காக வந்துவிடுகிறது. அங்கிருந்து கைப்பேசிக்குப் போகும் சில மீட்டர் தூரத்தில்தான் அது தொலைகிறது. எனவே புது ரவுட்டருக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வேறு நிறுவனத்தின் ஃபைபர் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எக்சேஞ்சில் அப்படி என்னதான் மாறியது?

முன்பு எக்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி செம்புக் கம்பி வந்தது. அதில் ஓடிய ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தொழில்நுட்பத்தின் உச்சவரம்பே 24 எம்பிபிஎஸ். அதுவும் எக்சேஞ்சுக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தால்தான். மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும்.

இப்போது எக்சேஞ்சில் ஓஎல்டி என்ற கருவி இருக்கிறது. அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒற்றை ஃபைபர், தெருவில் உள்ள ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. வீட்டில் அதை வாங்கிக்கொள்ளும் பெட்டிதான் ஓஎன்டி. ஜிபான் எனப்படும் இந்த முறையில் அந்தப் போர்ட்டின் மொத்த வேகம் இறங்குமுகமாக நொடிக்கு 2.488 கிகாபிட், ஏறுமுகமாக 1.244 கிகாபிட்.

செம்பில் சிக்னல் பலவீனமானால் மோடம் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கும். ஜிபானில் அந்த வழக்கமே கிடையாது. எக்சேஞ்சுக்கு 500 மீட்டரில் இருந்தாலும் 15 கிலோமீட்டரில் இருந்தாலும் லைன் ஓடும் வேகம் ஒன்றுதான். ஒளி குறைந்தால் பிழைகள் பெருகி இணைப்பு விட்டுவிட்டு வரும், அல்லது அடியோடு போகும். ஆகவே ‘எங்கள் வீடு எக்சேஞ்சிலிருந்து தூரம், அதனால்தான் மெதுவாக இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், ஃபைபர் லைனில் அது காரணமே இல்லை.

60 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறேன். டவுன்லோடு ஆகும்போது 7 என்றுதான் காட்டுகிறது?

சரியாகத்தான் வருகிறது. பிளானில் இருப்பது மெகாபிட், டவுன்லோடு பெட்டியில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுத்துப் பாருங்கள்: 60 என்பது 7.5 ஆகும், 100 என்பது 12.5 ஆகும்.

ஃபைபர் போட்டும் பழைய வேகமேதான் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பில்லை எடுத்துப் பிளான் பெயரைப் பாருங்கள். கம்பி மாறியதால் மட்டும் பிளான் மாறிவிடாது. செம்புக் காலத்துப் பிளான் கணக்கிலேயே தங்கிவிட்டால் ஃபைபரிலும் அந்த வேகம்தான் கிடைக்கும். பிளான் மாற்றக் கேட்டு, மாறியதாகத் தகவல் வந்த பிறகு, ஓஎன்டியை ஒருமுறை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய லாகின் அறுந்து புதிதாக இணைந்தால்தான் புதிய வேக வரம்பு ஏறும். ஐந்து நிமிடம் என்பதற்குக் காரணம், சட்டென்று போட்டால் சில நேரம் பழைய லாகின் சர்வரில் இன்னும் உயிரோடு இருந்து புதியதை மறுக்கும்.

மாதத்தின் பிற்பகுதியில் மட்டும் வேகம் சரிந்தால் எஃப்யூபி வரம்பை, அதாவது முழு வேகத்தில் பயன்படுத்தத் தரும் மாத டேட்டா அளவை, தாண்டியிருக்கிறீர்கள். பல நிறுவனங்களின் ‘வரம்பற்ற’ பிளான்களில் இது 3300 ஜிபி, சிறிய பிளான்களில் இன்னும் குறைவு. கேமராவை நாள் முழுக்க இணையத்தில் பதிவு செய்யும் வீடுகளிலும், எல்லா டிவியிலும் 4கே ஓடும் வீடுகளிலும் வரம்பு முடிந்துபோவதைப் பார்க்கலாம்.

வேகத்தை எப்படிச் சரியாக அளப்பது?

கைப்பேசியில் வைஃபை போட்டு ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் அது வைஃபையை அளக்கிறது, லைனை அளப்பதில்லை. லைனை அளக்க லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரே ஓஎன்டியின் போர்ட்டில் செருக வேண்டும். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்றவர்களின் கைப்பேசி, டிவி எல்லாவற்றின் இணைப்பையும் ஐந்து நிமிடம் துண்டியுங்கள். லேப்டாப்பில் விபிஎன் ஓடுகிறதா, விண்டோஸ் அப்டேட் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சோதனைத் தளத்தில் சென்னை அல்லது பக்கத்து ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை ஓட்டி, நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை.

அடுத்ததாக அதே லேப்டாப்பில், ஓஎன்டிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நின்று வைஃபையில் அளவுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். கேபிளிலேயே குறைவு என்றால் லைன், பிளான், போர்ட் இவற்றில் ஒன்று. கேபிளில் சரி, இரண்டு மீட்டரில் குறைவு என்றால் வைஃபை அமைப்பு. இரண்டு மீட்டரில் சரி, அறையில் குறைவு என்றால் சுவர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளவுங்கள். கேபிள், சேனல், ரவுட்டர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியவே தெரியாது.

200 எம்பிபிஎஸ் பிளான். எத்தனை முறை அளந்தாலும் 94-க்கு மேல் ஏறவில்லையே?

94 அல்லது 95-இல் கோடு போட்டதுபோல நின்றால் சந்தேகமே வேண்டாம், வழியில் எங்கோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது கேபிளில் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது அவ்வளவுதான்.

விலை குறைந்த ஓஎன்டிகளில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாக இருக்கும், மற்றவை 100. சிலவற்றில் எல்லாமே 100-தான். கிகாபிட் போர்ட்டுக்குப் பெரும்பாலும் ‘ஜிஇ’ என்றும் மற்றதற்கு ‘எஃப்இ’ என்றும் ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஓஎன்டி கிகாபிட்டாக இருந்தும் ரவுட்டரின் வேன் போர்ட் (இணையம் உள்ளே வரும் போர்ட்) 100 ஆக இருந்தால் அதே கதைதான். பழைய லேப்டாப்புகளிலும் இப்படித்தான். ஸ்மார்ட் டிவிகள் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட் இன்றும் 100-தான், ஆனால் 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும் என்பதால் அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளுக்குள் ஈதர்நெட்டைத் திறந்தால் லிங்க் ஸ்பீடு 1000/1000 என்றோ 100/100 என்றோ இருக்கும். 100 என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஐம்பது, நூறு ரூபாயில் தீரக்கூடிய பிரச்சினைக்குப் பலர் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

கேபிளில் அப்படி என்ன கோளாறு வரும்?

100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியும் பழுப்பு ஜோடியும் 4, 5, 7, 8-இல் உட்காருபவை. கிரிம்ப் செய்யும்போது இவற்றில் ஒன்று பின்னுக்குள் முழுவதும் போகாமல் நின்றாலும் இணைப்பு வேலை செய்யும், இரண்டு முனைக் கருவிகளும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்ளும். எங்கும் பிழைச் செய்தி வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகிவிடுகிறது.

கிளிப்பின் நாக்கு கீழே இருக்கும்படி பிடித்து, இடமிருந்து வலமாக நிறங்களைப் பாருங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீல-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும். முறுக்கைப் பிரிக்கும் நீளம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம், வெளி உறையும் கனெக்டருக்குள் போய்ப் பிடித்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கேட் 5இ அல்லது கேட் 6, ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். அது இரண்டு மூன்று முறை மடங்கினால் உள்ளேயே ஒடியும். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அதுதான் அடையாளம். வீட்டுத் தேவைக்குக் கேட் 7, கேட் 8 எல்லாம் வீண் செலவு.

ஓஎன்டியில் விளக்குகள் எரிவதை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

பான் விளக்கு பச்சையில் நிலையாக எரிந்தால் ஓஎல்டியுடன் பேச்சு நடக்கிறது. அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, ஆனால் பதிவாகவில்லை. எல்ஓஎஸ் சிவப்பில் எரிந்தால் ஒளியே வரவில்லை, அல்லது பயன்படாத அளவுக்குக் குறைந்துவிட்டது. பான் பச்சையாக இருந்தும் இணையம் இல்லை என்றால் லாகின் பிரச்சினை. ஃபைபரைத் தொட வேண்டாம்.

விளக்கைவிட நம்பகமானது ஒளி அளவு. உலாவியில் 192.168.1.1 என்று போட்டு (சில மாடல்களில் வேறு எண், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும்) உள்ளே போனால், நிலை அல்லது பான் தகவல் என்ற பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ என்று ஒரு எண் இருக்கும். மைனஸில் இருக்கும், அலகு டிபிஎம். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு.

பரவலாக இருக்கும் பி பிளஸ் வகை ஓஎன்டிகள் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கும். மைனஸ் 15-க்கும் 24-க்கும் இடையில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 25, 26 என்றால் இன்றைக்கு ஓடும், மழையில் ஜாயிண்டில் ஈரம் ஏறியதும் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். மைனஸ் 8-ஐவிட வலுவாக, உதாரணத்துக்கு மைனஸ் 5 என்று வந்தாலும் ஆபத்துதான். ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும், ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் போட வேண்டும். இது அபூர்வம்.

ஒளி ஏன் குறைகிறது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 32 வீடுகளுக்கான ஸ்ப்ளிட்டரில் ஏறக்குறைய 17 டிபி போகும். நான்கு கிலோமீட்டர் ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.4 டிபி. கனெக்டர்கள், ஸ்ப்ளைஸ்கள் எல்லாம் சேர்த்து ஒன்றரை. மொத்தத்தில் மைனஸ் 17-ஐ ஒட்டி வீட்டுக்கு வர வேண்டும். உங்கள் ஓஎன்டியில் மைனஸ் 26 காட்டினால் இடையில் 9 டிபி எங்கோ காணாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு 3 டிபிக்கும் ஒளி பாதியாகும் என்பதால், வர வேண்டியதில் எட்டில் ஒரு பங்குதான் வருகிறது என்று அர்த்தம். 64 வீட்டு ஸ்ப்ளிட்டர் என்றால் இன்னொரு 3 டிபி குறைவது இயல்பு.

காணாமல் போகும் இடங்கள் சில உண்டு. முதலாவது மடிப்பு. ஜன்னல் கதவு நசுக்கிய இடம், ஓஎன்டிக்குப் பின்னால் கம்பியை இறுகச் சுருட்டிக் கட்டிய இடம், பின் அடித்த இடம். வளைவைத் தாங்கும் ஃபைபர்கூட ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே போகக் கூடாது. மிச்சக் கம்பியைக் காபி டம்ளர் விட்டத்துக்குக் குறையாமல் தளர்வாகச் சுற்றி வையுங்கள். வீட்டுக்காரர் தானாகவே சரிசெய்யக்கூடியது இது ஒன்றுதான், சரிசெய்ததும் ஆர்எக்ஸ் எண் அப்போதே ஏறுவதைத் திரையில் பார்க்கலாம்.

இரண்டாவது கனெக்டர். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீல முனை அப்படியல்ல. பச்சையை நீலத்தோடு செருகினால் முகங்கள் ஒட்டாமல் இடைவெளி விழுந்து பல டிபி போய்விடும். செருகும்போது ‘டிக்’ என்று பிடிப்பதால் சரியாக இருப்பதாகவே தோன்றும். நிறத்தைப் பாருங்கள்.

மூன்றாவது தூசி. ஃபைபர் முனையில் விரல் பட்டாலே எண்ணெய்ப் படலம் உட்காரும். சட்டை நுனியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் நிலைமையை மோசமாக்கும். வருபவரிடம் கனெக்டர் கிளீனர் பேனா இருக்கும், அல்லது 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் இருக்கும். துடைக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கழற்றிப் பார்க்க நேர்ந்தால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. 1490 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமையும் தானாக மூடாது.

வெளியே அணில் கடிப்பதும், உயரமான லாரி இழுத்துவிடுவதும், தேரோட்டத்துக்காகத் தேர் வீதிகளில் கம்பிகளை இறக்கி ஏற்றும்போது ஜாயிண்ட் தளர்வதும் உண்டு. திருவிழா முடிந்த வாரம் ஒளி அளவை ஒருமுறை பாருங்கள்.

கேபிளில் முழு வேகம் வருகிறது. வைஃபையில் 40-தான். ரவுட்டர் மாற்றவா?

மாற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

நீங்கள் இணைந்திருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸிலா, 5 கிகாஹெர்ட்ஸிலா? 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒற்றை ஆன்டெனா உள்ள எளிய கைப்பேசியின் லிங்க் வேகமே 72, கையில் கிடைப்பது 45 முதல் 50. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் அலறும்போது அதிலும் பாதிதான். எந்த விலைக்கு ரவுட்டர் வாங்கினாலும் அந்த அலைவரிசையில் இதுவே நிலை. 5 கிகாஹெர்ட்ஸில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இரண்டு ஆன்டெனா கைப்பேசி ஒரே அறைக்குள் 400-ஐத் தாண்டும். ஓஎன்டி ஒற்றை பேண்ட் மட்டும் உள்ள மாடலாக இருந்தால், அப்போதுதான் புது ரவுட்டர் நியாயமான செலவு.

பாதுகாப்பு அமைப்பு என்ன? பழைய மோடமிலிருந்து அமைப்புகளை அப்படியே எடுத்துப் போட்ட வீடுகளில் டபிள்யூபிஏ-டிகேஐபி என்று இருக்கும். அதை வைத்திருந்தால் விதிமுறைப்படியே வைஃபை 54 எம்பிபிஎஸ் லிங்குக்கு மேல் போகாது, கையில் கிடைப்பது 20, 25. டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று மாற்றுங்கள். ஒரே சொடுக்கில் மூன்று மடங்கு வேகம் ஏறுவதை இதில் பார்க்கலாம்.

சேனல் என்ன? 2.4-இல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை மட்டும் வையுங்கள், அகலம் 20. ‘3-இல் யாருமே இல்லை’ என்று அங்கே போனால் 1-இல் இருப்பவரும் 6-இல் இருப்பவரும் சேர்ந்து இடிப்பார்கள். 5-இல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை.

ஓஎன்டியை எங்கே வைப்பது?

கம்பி நுழைந்த ஜன்னலோரத்திலேயே மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அப்படியானால் சிக்னலில் பாதி தெருவுக்குப் போகிறது. மாட்டும் நாளிலேயே ‘ஹாலின் நடுச்சுவர் வரை ஃபைபரை இழுத்துத் தாருங்கள்’ என்று கேளுங்கள், பத்து மீட்டர் கூடுதல் ஃபைபரால் ஒரு நட்டமும் இல்லை. ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால் ஓஎன்டியை அங்கேயே விட்டு, லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை நடு ஹாலில், தலை உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்கு மேலே, டிவிக்குப் பின்னால், பரணுக்குள், நிலைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மூடிய அலமாரிக்குள் வைத்தால் சித்திரை வெயிலில் சூடேறித் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்.

மாடியில் சிக்னலே இல்லை. ரிப்பீட்டர் வாங்கலாமா?

கான்கிரீட் தளத்தை 5 கிகாஹெர்ட்ஸ் கடப்பது கடினம். ரிப்பீட்டர் வாங்கிய சிக்னலையே அதே ரேடியோவில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். அதை மாடியில், சிக்னல் இல்லாத இடத்திலேயே கொண்டுபோய் வைப்பது இன்னொரு பிழை. மாடிப்படி வழியாக ஒரு கேட் 6 கேபிளை இழுத்து, மேலே ஒரு ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் (வைஃபை மட்டும் தரும்படி) வைப்பதற்கு நிகர் எதுவும் இல்லை. மெஷ் (ஒரே வைஃபையைப் பல பெட்டிகள் சேர்ந்து தரும் முறை) வாங்கினாலும் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைத்தால்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு. புதுவீடு கட்டுகிறவர்கள் மின்சாரக் குழாயோடு சேர்த்து ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனிக் குழாய் போட்டுவிடுங்கள்.

சொந்த ரவுட்டர் போட்டேன், வேகம் இன்னும் குறைந்துவிட்டது. ஏன்?

இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஓஎன்டியும் ரவுட்டர், நீங்கள் போட்டதும் ரவுட்டர் என்றால் முகவரி மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கிறது. விளையாட்டு, கேமரா, விபிஎன் இவற்றில் தொல்லை வரும். புதியதை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய மாடல் என்றால், அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, வேன் போர்ட்டை விட்டுவிட்டு லேன் போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள்.

இன்னொரு வழி ஓஎன்டியை பிரிட்ஜ் முறையில் (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும்படி) போட்டு, பிபிபிஓஇ எனப்படும் இணைய லாகினை உங்கள் ரவுட்டரில் கொடுப்பது. இதற்கு யூசர் ஐடி, கடவுச்சொல், விலேன் எண் மூன்றும் வேண்டும். விலேன் எண் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் மாட்ட வந்தவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். எம்டியுவை (ஒரு தகவல் பொட்டலத்தின் அதிகபட்ச அளவை) 1492 என்று வையுங்கள். 1500 என்று இருந்தால் சில தளங்கள் திறக்கும், சில தளங்கள் பாதியில் நின்றுபோகும். பழைய ரவுட்டரின் சிறிய சிப் பிபிபிஓஇயைக் கையாள முடியாமல் 150, 200-இல் திணறுவதும் உண்டு. அப்போது லாகினை ஓஎன்டியிலேயே விட்டுவிடுவது மேல்.

இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகிறது?

கேபிளில் அளந்தும் அப்படித்தானா? ஆம் என்றால் உங்கள் வீட்டில் எதையும் மாற்ற வேண்டாம். 2.488 கிகாபிட்டை 32 வீடுகள் பகிர்ந்துகொள்வதால் இது நடப்பது குறைவு. ஓஎல்டியிலிருந்து மேலே போகும் இணைப்பு சிறியதாக, பல இடங்களில் ஒரு கிகாபிட்டாக இருப்பதுதான் வழக்கமான காரணம். அதைப் பெரிதாக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. காலை, இரவு இரண்டு நேரத்து அளவுகளை ஒரு வாரத்துக்குப் படம் பிடித்து வைத்துப் புகார் செய்யுங்கள். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் அக்கம்பக்கத்து வைஃபை நெரிசல், சேனலை மாற்றுங்கள்.

வேகம் இருக்கிறது, ஆனால் வீடியோ கால் மட்டும் திக்கித் திணறுகிறது?

யாரோ ஒருவரின் கைப்பேசி புகைப்படங்களை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறுமுகப் பாதை நிரம்பிவிட்டால் உங்கள் பேச்சும் அதே வரிசையில் காத்திருக்கும். ரவுட்டரில் க்யூஓஎஸ் வசதி (எதற்கு முன்னுரிமை என்று பிரிப்பது) இருந்தால் ஏறுமுக வரம்பை உண்மையான அளவில் 90 சதவீதமாக வையுங்கள். இல்லையென்றால் புகைப்படச் சேமிப்பை நள்ளிரவுக்கு மாற்றுங்கள்.

டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடுமா?

கூடாது. டிஎன்எஸ் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது மட்டுமே. 1.1.1.1 அல்லது 8.8.8.8 வைத்தால் பக்கம் திறக்கத் தொடங்கும் நேரம் சற்றுக் குறையலாம். டவுன்லோடு வேகம் அதேதான்.

கரண்ட் போனால் லேண்ட்லைனும் போய்விடுகிறதே?

செம்பில் எக்சேஞ்சே 48 வோல்ட் கொடுத்ததால் இருட்டிலும் போன் பேசியது. ஃபைபரில் போன் ஓஎன்டியின் தொலைபேசிப் போர்ட்டில் இருக்கிறது, ஓஎன்டிக்கு உங்கள் வீட்டு மின்சாரம் வேண்டும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். ஓஎன்டி ஏறக்குறைய 10 வாட் எடுக்கும், 30 வாட்-மணி பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். அடாப்டரில் எழுதியுள்ள ஆம்பியருக்குக் குறையாமல் தருகிறதா என்று பாருங்கள். ஒன்றரை ஆம்பியர் கேட்கும் பெட்டிக்கு அரை ஆம்பியர் அடாப்டர் போட்டால் விளக்கு எரியும், வைஃபை வேலை செய்யத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எரியும்.

எங்கள் தெருவுக்கு ஃபைபர் வரவில்லை. செம்பிலேயே ஏதாவது கூட்ட முடியுமா?

முடியும், வீட்டு வயரிங்கில்தான் வாய்ப்பு அதிகம். மோடம் பக்கத்தில் இரண்டு எண்கள் இருக்கும். அட்டெனுவேஷன் (வழியில் சிக்னல் இழக்கும் அளவு) 30 டிபிக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டினால் தூரம் அதிகம் அல்லது கம்பி மோசம். எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைச் சமாளிக்க சிக்னலில் மிச்சமிருக்கும் அளவு) 10-க்கு மேல் இருந்தால் நிலையாக ஓடும், 6-க்குக் கீழே அடிக்கடி அறுந்துபோகும்.

இணையான போன் இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி நுழையும் முதல் ரோசெட் பெட்டியிலேயே மோடமை நேராகச் செருகி இந்த எண்களைப் பாருங்கள். மார்ஜின் ஏறினால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. போனையும் மோடமையும் பிரிக்கும் சிறு பெட்டியான ஸ்ப்ளிட்டரை அந்த முதல் இடத்திலேயே வைத்து, எல்லா போன்களும் அதன் ‘போன்’ முனைக்குப் பின்னால் வருமாறு செய்யுங்கள். ஸ்ப்ளிட்டர் இல்லாமல் படுக்கையறையில் தொங்கும் ஒரே ஒரு இணைப் போன் மொத்த லைனையும் கெடுக்கும். போன் இல்லாமல் முனை திறந்தபடி சுவருக்குள் ஓடும் பழைய கம்பியும் சிக்னலைத் திருப்பியடிக்கும், அதையும் அவிழ்த்துவிடுங்கள்.

பிறகு ரிசீவரை எடுத்து ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்றதும் சில நொடி அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்று கேட்டால் வெளி ஜாயிண்டில் பச்சைத் துரு அல்லது ஈரம். மழைக்குப் பிறகு மட்டும் கேட்டால் உறுதியாக அதுதான். புகாரில் ‘நெட் மெதுவாக இருக்கிறது’ என்று சொல்லாமல் ‘போனில் இரைச்சல்’ என்று சொல்லுங்கள். லைன்மேன் எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே புரியும்.

புகார் கொடுக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

கேபிளில் அளந்த வேகம், அளந்த நேரம், ஆர்எக்ஸ் பவர் எண், விளக்குகளின் நிலை. இந்த நான்கும் இருந்தால் ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்ற பதிலோடு அனுப்பிவிட முடியாது. டாக்கெட் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்க்காமலே புகாரை மூடினால் அந்த எண்ணை வைத்துத்தான் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாட்களுக்குள் எழுத முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆள் வந்து சரிசெய்தால், அவர் கிளம்புவதற்கு முன் பவர் மீட்டரில் காட்டும் எண்ணைக் கேட்டு ஓஎன்டியின் மேலேயே தேதியோடு ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து லைன் தடுமாறும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

பழைய மோடமையும் கம்பியையும் என்ன செய்வது?

மோடம் வாடகைக்கு வாங்கியது என்றால் எக்சேஞ்சில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், இல்லாவிட்டால் வாடகை பில்லில் ஏறிக்கொண்டே இருக்கலாம். முன்பணம் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள். சொந்த மோடம் என்றால், வைஃபை உள்ளதாக இருந்தாலும், மாடிக்கு ஆக்சஸ் பாயிண்டாக வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்து ஏடிஎஸ்எல் மோடம்களின் லேன் போர்ட்டெல்லாம் 100, வைஃபையும் பெரும்பாலும் 2.4 மட்டும். வீட்டுக்குள் ஓடும் செம்புக் கம்பியை, ஓஎன்டியின் தொலைபேசிப் போர்ட்டிலிருந்து மற்ற அறைப் போன்களுக்கு எடுத்துச் செல்லப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால், தெருவிலிருந்து வரும் பழைய கம்பியை அந்த ரோசெட்டிலிருந்து முதலில் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் ஓஎன்டியின் தொலைபேசிப் போர்ட் கெட்டுவிடும்.